எலிக்கெம் அடிக்காத கோல்

எலிக்கெம் டொக்பேக்கு வாழ்க்கையில் கிடைத்ததெல்லாம் ஒரே ஒரு கோலால் கிடைத்தது. ஐரோப்பாவில் பத்து வருஷ வேலை, ஹோ நகரத்தில் மாடி வீடு, ஊரில் ஓடும் ட்ரோட்ரோ வேன்களில் பாதியின் பின்கண்ணாடியில் அவன் முகம், சந்தையில் எந்தக் கடையில் போய் உட்கார்ந்தாலும் கேட்காமலே வந்து சேரும் அக்ப்ளே களியும் வெண்டைக்காய்க் குழம்பும், எல்லாம் அந்தக் கோலின் தயவு. ஒரே ஒரு சங்கடம்தான். அந்தக் கோலை அவன் அடிக்கவில்லை.

பந்து பட்டது என்னவோ அவன் உடம்பில்தான். உடம்பின் எந்தப் பாகத்தில் என்பதில்தான் ஊருக்கும் அவனுக்கும் ஒத்துப்போகவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. கிளப் அணிகளுக்கான கோப்பையில் அரையிறுதி. ஹோவின் அடாக்லு லயன்ஸ் அணியும், எல்லைக்கு அந்தப் பக்கம் லோமேயிலிருந்து வந்த அணியும் மோதின. எலிக்கெமுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தடுப்பாட்டக்காரன். லோமே அணியில் கொம்லான் என்று ஒருவன் இருந்தான். அந்த சீசனில் மட்டும் இருபத்தொரு கோல் போட்டவன். அவன் காலில் பந்து சேர்ந்துவிட்டால் கோல்கீப்பர்கள் சாமி கும்பிட ஆரம்பித்துவிடுவார்கள். பயிற்சியாளர் எலிக்கெமுக்குக் கொடுத்த உத்தரவு ஒற்றை வரி. "கொம்லான் கக்கூஸுக்குப் போனாலும் நீ வாசல்ல நிக்கணும்."

எலிக்கெம் நின்றான். எண்பத்தெட்டு நிமிஷம் நின்றான். கொம்லான் இடப்பக்கம் திரும்பினால் அங்கே எலிக்கெம். வலப்பக்கம் திரும்பினால் அங்கேயும் எலிக்கெம். ஒரு கட்டத்தில் கொம்லான் வெறுத்துப்போய் நடுவரிடம், "இவனுக்கு வேற வீடே இல்லையா சார்?" என்று முறையிட்டான். அன்று எலிக்கெம் ஆடியதுதான் அவன் வாழ்நாளின் மிகச் சிறந்த ஆட்டம். அதை இன்றுவரை ஒருவரும் அவனிடம் பேசியதில்லை.

எண்பத்தொன்பதாவது நிமிஷத்தில் லயன்ஸ் அணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. "உயரமா இருக்கிறவன்லாம் மேல போங்கடா!" என்று பயிற்சியாளர் கத்தினார். எலிக்கெம் எதிரணி கோல் பக்கம் போனதே அன்றுதான் முதல் தடவை. எங்கே நிற்பது என்று தெரியாமல், பந்தியில் இடம் தேடுகிறவனைப் போல அங்கும் இங்கும் நகர்ந்துகொண்டிருந்தான். பந்து வந்தது. அவனுடைய அணிக்காரனே ஒருவன் அதை முழுப் பலத்தோடு உதைத்தான். நேராக எலிக்கெமின் முகத்துக்கு வந்தது. அவனுக்கு முந்தின மாதம்தான் முன்பல் இரண்டு புதிதாகக் கட்டியிருந்தது. பல்லைக் காப்பாற்றச் சட்டென்று திரும்பினான். பந்து அவன் பின்புறத்தில் பலமாக மோதி, திசை மாறி, கோல்கீப்பர் பாய்ந்த பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கமாக வலைக்குள் போய் விழுந்தது. வலி தாங்காமல் துள்ளிய எலிக்கெம் ஈரப்புல்லில் சறுக்கி மல்லாக்க விழுந்தான்.

ஊர்ப் பக்கம் கால்மணி நேரத்துக்கு முன்புதான் மின்சாரம் போயிருந்தது. டிவிக்காரர்களிடம் ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. ஆக மிச்சம் இருந்தது ரேடியோ. ரேடியோவில் வர்ணனை செய்துகொண்டிருந்தவர் பிராஸ்பர் அமெகா. நாட்டிலேயே வேகமான நாக்கு என்று பெயரெடுத்தவர். கார்னர் அடிக்கப்பட்ட அந்த நேரத்தில் அவர் மேஜைக்கு அடியில் குனிந்து, கீழே கொட்டிவிட்ட வறுத்த வாழைப்பழத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கூட்டம் அலறியதும் நிமிர்ந்து பார்த்தார். வலைக்குள் பந்து. வலைக்கு முன்னால் மல்லாக்கக் கிடக்கும் எலிக்கெம். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் வரக்கூடிய விடை ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியது.

"தலைகீழ்!" என்று பிராஸ்பர் மைக்கில் அலறினார். "தலைகீழாப் பறந்து அடிச்சிட்டான்! நிலத்துக்கும் அவனுக்கும் ஆறடி! கால் வானத்தைத் தொட்டுச்சு!" நாற்பது விநாடி மூச்சு விடாமல் வர்ணித்தார்.

அரங்கத்திலேயே சில ஆயிரம் பேர் இருந்தார்களே என்று கேட்கலாம். இருந்தார்கள். முன்வரிசைக்காரர்கள் எழுந்து நின்றதால் பின்வரிசைக்காரர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களும் வீடு போகும் வழியில் ரேடியோவைக் கேட்டுவிட்டுத் தங்கள் கண்ணைச் சந்தேகித்தார்கள். திங்கட்கிழமை காலையில் ஹோவில் எல்லாரும் அந்தத் தலைகீழ் உதையை நேரில் பார்த்தவர்களாக இருந்தார்கள்.

பெல்ஜியத்து ஏஜெண்ட் ஒருவரும் அன்று வந்திருந்தார். கோல் விழுந்த நேரத்தில் போன் பேச வெளியே போயிருந்தார். பிராஸ்பரின் வர்ணனையை அவருடைய டிரைவர் காரில் வைத்து மொழிபெயர்த்துச் சொன்னான். அடுத்த வாரமே எலிக்கெமை விலைக்குப் பேசிவிட்டார்கள், கோல் அடிக்கிறவன் என்று.

பெல்ஜியத்தில் முதல் நாள் பயிற்சியிலேயே உண்மை தெரிந்துவிட்டது. "நீ ஸ்டிரைக்கர் இல்லையே" என்றார் பயிற்சியாளர். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே சார்" என்றான் எலிக்கெம். ஆனால் ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. அதனால் இரண்டு குளிர்காலம் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில், காது வரை கம்பளி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து பின்லாந்து. அங்கும் அதே பெஞ்ச், இன்னும் கெட்டியான கம்பளி. கடைசியில் சைப்ரஸில் ஒரு சின்ன கிளப்பின் பயிற்சியாளர் அவன் ஓடுவதை ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "உன்னை யாருப்பா முன்னாடி நிறுத்தினது?" என்று கேட்டுத் தடுப்பாட்டத்துக்கு மாற்றினார். அங்கே ஏழு வருஷம் நிம்மதியாக ஆடினான். சம்பளம் சுமார்தான். ஆனால் அவனைத் தாண்டிப் பந்து போவதும் அபூர்வம்தான்.

இதெல்லாம் ஹோவுக்குத் தெரியாது. ஹோவுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளிக்கிழமைதோறும் பிராஸ்பர் நடத்திய 'நம்ம எலிக்கெம்' நிகழ்ச்சி. எலிக்கெம் பெஞ்சில் இருந்தால், "பெரிய ஆட்டத்துக்காக அவனைப் பத்திரப்படுத்தி வச்சிருக்காங்க" என்பார் பிராஸ்பர். ஆடியும் கோல் போடாவிட்டால், "பொறாமை. பந்தையே தர மாட்டேங்கிறாங்க" என்பார். ஒரு வருஷம் எலிக்கெம் தவறுதலாகத் தன் வலைக்குள்ளேயே ஒரு கோல் போட்டுக்கொண்டான். அந்த வாரம் பிராஸ்பர், "எலிக்கெம் மறுபடி கோல் கணக்கைத் திறந்துட்டான்" என்று மட்டும் சொல்லிப் பாட்டுப் போட்டுவிட்டார். ஊரில் நாலு தெருவுக்கு ஒரு குழந்தைக்கு எலிக்கெம் என்று பெயர். ஒரு மெத்தைக் கம்பெனி அவன் தலைகீழாகப் பறக்கும் படத்தை வரைந்து, கீழே 'எப்படி விழுந்தாலும் வலிக்காது' என்று எழுதிப் போட்டது.

முப்பத்து நாலாவது வயதில் முழங்கால் மறுத்துவிட்டது. எலிக்கெம் ஹோவுக்கே திரும்பி வந்தான். அவன் மனைவி தெலாலி சந்தைக்குப் பின்தெருவில் ரொட்டி அடுப்பு வைத்திருந்தாள். விடிகாலையில் மாவு பிசைந்து ஏழு மணிக்குள் விற்றுத் தீர்க்கிறவள். ஆட்டத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் புருஷன் அடிக்காத கோலைப் பற்றிக் கல்யாணமான முதல் வாரத்திலேயே தெரியும். அவனேதான் சொல்லியிருந்தான்.

திரும்பி வந்த மறுநாள் வீட்டு வாசலில் எண்பது பேர் நின்றார்கள். எல்லாருக்கும் அந்தக் கதை வேண்டும். எலிக்கெம் சாயங்காலம் சோர்ந்துபோய் அடுப்படிக்கு வந்தான்.

"உண்மையைச் சொல்லிடப் போறேன் தெலாலி."

"எதை?"

"கோலைத்தான்."

தெலாலி மாவைப் பலகையில் அறைந்தாள். "சொல்லு. ஆனா ஒண்ணு. உன்னை எனக்குப் பேசினப்ப எங்கம்மா ஊரெல்லாம் போய், என் மருமகன் காலுக்குத் தங்கக் காப்புப் போடணும்னு பீத்திக்கிட்டாங்க. இப்ப எங்க போடுறதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

எலிக்கெமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் வெள்ளிக்கிழமை பிராஸ்பரின் ஸ்டூடியோவுக்குப் போனான்.

பிராஸ்பருக்கு இப்போது தொந்தியும் தங்கக் கடிகாரமும் வந்திருந்தன. இரண்டுமே அந்த நாற்பது விநாடி சம்பாதித்துக் கொடுத்தவை. கட்டிப்பிடித்து உட்கார வைத்தார்.

"நேயர்களே, இதோ அவரே வந்திருக்கார்! சொல்லுங்க எலிக்கெம், காத்துல இருந்த அந்த நிமிஷம் மனசுல என்ன ஓடுச்சு?"

"பல்லு போயிடக் கூடாதேன்னு ஓடுச்சு அண்ணே."

"என்ன ஒரு நகைச்சுவை!"

"நிஜமாத்தான் சொல்றேன். நான் உதைக்கவே இல்ல. முகத்துக்கு நேரா வந்துச்சு, பயந்துபோய்த் திரும்பினேன். பின்னாடி பட்டு உள்ள போயிடுச்சு."

"பின்னாடின்னா... முதுகு நிலத்தைப் பார்க்க உதைச்சீங்களே, அதைச் சொல்றீங்க."

"இல்லண்ணே. பின்னாடின்னா பின்னாடிதான். உட்கார்ற இடம்."

ஸ்டூடியோவில் மூன்று விநாடி சத்தமில்லை. பிராஸ்பரின் ஆயுளில் மைக் முன்னால் அவர் இவ்வளவு நேரம் வாயை மூடியிருந்ததில்லை. பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேட்டீங்களா நேயர்களே? இதுக்குப் பேருதான் தாழ்மை."

போன்கள் அடிக்க ஆரம்பித்தன. முதலில் பேசியவர் ஒரு பாதிரியார். "ஞாயிற்றுக்கிழமை நான் பிரசங்கம் பண்ண வேண்டியதை இந்தப் பையன் ரெண்டு வரியில சொல்லிட்டான். தன் பெருமையைத் தானே தூக்கிப் போட்டுட்டான் பாருங்க!"

அடுத்து மீன் விற்கும் ஒரு அம்மா. "தம்பி, அந்தக் குளிர்ல உன் மூளைக்கு என்னவோ ஆயிடுச்சு ராசா. நாளைக்கு வா, மிளகு போட்டு சூப்பு வச்சுத் தரேன். எல்லாம் சரியாயிடும்."

பிறகு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். "நான் மூணாவது வரிசையில இருந்தேன். நீ மேல பறந்தப்ப உன் பூட்ஸோட அடியில இருந்த நம்பரைக்கூடப் படிச்சேன்."

"பூட்ஸ் அடியில நம்பர் இருக்காதே சார்."

"உன் பூட்ஸ்ல இருந்துச்சு."

கடைசியாக ஒரு வேன் டிரைவர். அவனுக்கு அழுகையும் கோபமும் கலந்து வந்தன. "எலிக்கெம் அண்ணே, அந்தக் கோல் உங்களுதுன்னு யாரு சொன்னது? அது ஊருதுண்ணே. உங்க இஷ்டத்துக்கு மாத்திச் சொல்ல நீங்க யாரு? என் மகனுக்கு உங்க பேரை வச்சிருக்கேன். நாளைக்கு ஸ்கூல்ல அவனை என்னன்னு கூப்பிடுவாங்க, சொல்லுங்க!"

மறுவாரம் வேன்களில் அவன் முகத்துக்குக் கீழே 'தாழ்மையே வெற்றி' என்று புதிதாக எழுதப்பட்டிருந்தது. வாசலில் நிற்கும் கூட்டம் எண்பதிலிருந்து இருநூறாக ஏறியது.

இருநூறு பேர் நிற்கும் இடத்துக்கு அரசியல்வாதி வராமல் இருப்பாரா? ஹானரபிள் ஃபோலி வந்தார். நாடாளுமன்ற உறுப்பினர் என்பதால் ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். அவருடைய மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவதாகக் கேள்வி. தேர்தலுக்கு நாலு மாதம் இருந்தது.

"அந்தக் கோலை மறுபடி போடுறோம்" என்றார் ஹானரபிள், நாற்காலியில் உட்காரும்போதே.

"புரியலையே சார்."

"பழைய லயன்ஸ், பழைய லோமே டீம். நட்புக்காக ஒரு ஆட்டம். இருபதாவது நிமிஷம் ஒரு கார்னர். நீ தலைகீழா அடிக்கிற. அவங்க கோல்கீப்பர் அந்தப் பக்கம் விழுவான். நான் பேசி வச்சுடறேன். அப்புறம் நான் மைதானத்துக்குள்ள வந்து உன் கையைத் தூக்கிப் பிடிக்கிறேன். புது கேலரிக்கு உன் பேரை வைக்கிறோம். விளையாட்டுக் கமிட்டித் தலைவர் நீதான்."

"சார், எனக்கு முழங்காலே மடங்காது. தலைகீழா எங்க போறது?"

"மெத்தைக் கம்பெனிக்காரங்ககிட்டச் சொல்லியாச்சு. பச்சை பெயிண்ட் அடிச்சு ஒரு மெத்தை போட்டுடுவாங்க. தூரத்துலேருந்து பார்த்தா புல்லுதான்."

எலிக்கெம் மறுக்கத்தான் நினைத்தான். ஆனால் லோமே அணி என்றதும் வேறொரு எண்ணம் வந்தது. அன்று என்ன நடந்தது என்பது, கார்னர் நேரத்தில் தன் பக்கத்திலேயே நின்ற ஒருவனுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கும்.

"கொம்லான் வரணும்" என்றான். "அவன் வந்தா நான் ஆடுறேன்."

"யாரு கொம்லான்?" என்றார் ஹானரபிள்.

கொம்லான் வந்தான். லோமே துறைமுகத்துக்குப் பக்கத்தில் பழைய டயர் வியாபாரம். முப்பத்தேழு வயது, முன்னந்தலை வழுக்கை. வயிறும் ஓரளவுக்குத் தள்ளியிருந்தது. உடை மாற்றும் அறையில் எலிக்கெமைப் பார்த்ததும் கையில் இருந்த காலுறையைக் கீழே போட்டான்.

"எதுக்குய்யா என்னைக் கூப்பிட்டே? நான் தோத்ததை மறுபடி பார்க்கவா?"

"ஒரு விஷயம் கேக்கணும். அந்தக் கோல் எப்படிப் போச்சுன்னு நீ பார்த்தியா?"

"பார்த்தேனாவா? நான் உனக்குப் பக்கத்துலதானே நின்னேன். உன் பின்னாடி பட்டுப் போச்சு. பாவம், ரொம்ப வலிச்சிருக்குமேன்னு நினைச்சேன்."

எலிக்கெம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவன் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டான்.

கொம்லான் குனிந்து காலுறையை எடுத்தான். "கோல் கிடக்கட்டும். அந்த பெல்ஜியம்காரன் அன்னைக்கு யாரைப் பார்க்க வந்தான்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதே."

"என்னைப் பார்க்க. மூணு மாசமா என் பின்னாடியே சுத்திக்கிட்டிருந்தான். அன்னைக்கு ஒரு கோல், ஒரே ஒரு கோல் போட்டுக் காட்டியிருந்தா மறுநாள் கையெழுத்து. நீ எண்பத்தெட்டு நிமிஷம் என்னைத் திரும்பவே விடல. ஆளு காருக்குப் போனான், உன் பேரை எழுதிக்கிட்டுப் போயிட்டான். அப்புறம் என்னைத் தேடி யாரும் வரல."

"எனக்குத் தெரியாது" என்றான் எலிக்கெம். "சத்தியமா தெரியாது."

"தெரிஞ்சிருந்தா என்ன, விட்டுக் கொடுத்திருப்பியா?"

எலிக்கெம் யோசித்தான். பொய் சொல்ல அவனுக்கு அலுத்துப் போயிருந்தது. "மாட்டேன்."

"அதான்." கொம்லான் பூட்ஸ் கயிற்றை இறுக்கினான். "தலைகீழ் உதையில தோத்தேன்னு எல்லாரும் சொல்றப்ப எனக்கு எரியும். அதுல தோக்கல நான். உன் கால்ல தோத்தேன். அதை எவனாவது ஒருத்தன் சொல்லுவானான்னு பார்த்துக்கிட்டே இருக்கேன்."

மைதானம் நிரம்பி வழிந்தது. பிராஸ்பரின் குரல் ஒலிபெருக்கிகளில் முழங்கியது. லோமே அணியின் கோலுக்கு முன்னால் பச்சை மெத்தை கிடந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சை மெத்தை மாதிரியேதான் இருந்தது. புது வெள்ளை உடுப்பில் ஹானரபிள் முதல் வரிசையில், கையைத் தூக்கிப் பிடிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

பதினாலாவது நிமிஷம் நடு மைதானத்தில் பந்து கொம்லானின் காலுக்கு வந்தது. வயிறு இருந்தும் அவன் திரும்பிய வேகம் பழையதுதான். லயன்ஸ் அணியின் கிழவர்கள் இருவரை ஏமாற்றிக் கடந்தான். எலிக்கெம் அப்போது மெத்தைப் பக்கம் நடந்துகொண்டிருந்தான், ஹானரபிளின் ஏற்பாட்டின்படி. கொம்லான் திரும்பியதைப் பார்த்ததும் அவன் கால்கள் தாமாகப் பின்னோக்கி ஓடின. முழங்கால் கத்தியது. பொருட்படுத்தவில்லை. கொம்லான் வலது தோளைச் சாய்த்தான். சாய்த்தால் இடப்பக்கம் போவான் என்று எலிக்கெமுக்குத் தெரியும். இடப்பக்கம் போய்க் காலை நீட்டினான். பந்தை மட்டும், பந்தை மட்டுமே, சுத்தமாக எடுத்தான். கொம்லான் புல்லில் உருண்டான்.

பிராஸ்பருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "எலிக்கெம்... ஏதோ செய்கிறார்" என்றார்.

கொம்லான் மல்லாக்கக் கிடந்தபடியே சிரித்தான். "அதே கால்! டேய், அதே கால்தான்! இன்னொரு தடவை வா!"

எலிக்கெம் இன்னொரு தடவை வந்தான். மூன்றாவது தடவையும். இருவருக்கும் ஹானரபிள் மறந்துபோனார், மெத்தை மறந்துபோனது, வயது மறந்துபோனது. இருபதாவது நிமிஷம் ஏற்பாட்டின்படி கார்னர் அடிக்கப்பட்டது. பந்து மெத்தையின் மேல் பொத்தென்று விழுந்து அங்கேயே நின்றது. அடிக்க வேண்டியவன் அறுபது கஜத்துக்கு அப்பால் கொம்லானின் முதுகோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். லோமே கோல்கீப்பர் மட்டும் ஒப்புக்கொண்ட வேலைக்குத் துரோகம் செய்யாமல் அந்தப் பக்கம் பாய்ந்து விழுந்தான்.

கூட்டம் கூவ ஆரம்பித்தது. "உதை! உதை!" என்று பத்தாயிரம் பேர் தாளம் போட்டார்கள். தண்ணீர் பாக்கெட்டுகள் பறந்து வந்தன. இரண்டாம் பாதியில் ஒரு சமயம் பந்து தானாகவே உருண்டு எலிக்கெமிடம் வந்தது. அணிகள் பக்கம் மாறியபோது இடம் மாற்றிப் போட்ட மெத்தை பக்கத்தில்தான் இருந்தது. யாரும் தடுக்கவில்லை. எதிரணிக்காரர்கள்கூட விலகி வழி விட்டார்கள். மொத்த அரங்கமும் எழுந்து நின்றது. எலிக்கெம் மெத்தையைப் பார்த்தான். பந்தைப் பார்த்தான். பிறகு திரும்பி, தன் கோல்கீப்பருக்கே பந்தைத் தட்டி அனுப்பினான்.

பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று ஆட்டம் முடிந்தது. ஹானரபிள் தன் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார்.

வெள்ளிக்கிழமை பிராஸ்பர் நிகழ்ச்சியில் மனம் உடைந்து பேசினார். நேயர்கள் சமாதானம் சொன்னார்கள். எலிக்கெமை லோமேக்காரர்கள் விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்றார் ஒருவர். யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். கடைசியில் பேசிய ஓய்வுபெற்ற ஆசிரியர்தான் எல்லாருக்கும் ஒத்துவரக்கூடிய விளக்கத்தைக் கொடுத்தார். "நான் உத்துப் பார்த்தேன். அது எலிக்கெமே இல்ல. அவனை மாதிரி இருக்கிற யாரோ. நிஜமான எலிக்கெம் இன்னும் ஐரோப்பாவுலதான் இருக்கான். முழங்கால் வலிக்கிற ஆளுக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்?"

ஊருக்கு நிம்மதியாக இருந்தது. வேன்களின் முகத்தை அழிக்க வேண்டியதில்லை. குழந்தைகளின் பெயரையும் மாற்ற வேண்டியதில்லை. கேலரிக்கு 'தலைகீழ் உதை கேலரி' என்று ஆள் பெயரில்லாமல் பெயர் வைத்து ஹானரபிள் திறந்து வைத்தார். விளையாட்டுக் கமிட்டித் தலைவர் பதவி பிராஸ்பருக்குப் போனது. தேர்தலில் ஹானரபிள் ஜெயித்தார்.

எலிக்கெம் சந்தையில் நடந்தால் இப்போது யாரும் படம் எடுப்பதில்லை. "நீங்க அவரை மாதிரியே இருக்கீங்க" என்று ஒரு பெண் சொன்னாள். "பலபேர் சொல்றாங்க" என்றான் அவன்.

தெலாலிக்கு ரொட்டி அடுப்பில் ஒரு கை கூடியது. மாவு பிசைய அவனுக்கு வரவில்லை. தட்டு தூக்குவான், விறகு அடுக்குவான். ஒரு மாதம் கழித்து லோமேயிலிருந்து கொம்லான் போன் பண்ணினான். ஞாயிறுதோறும் கடற்கரையில் டயர் வியாபாரிகளும் மீன் லாரி டிரைவர்களும் ஆடுவார்களாம். லாரிக்காரர்களுக்கு ஒரு தடுப்பாட்டக்காரன் தேவையாம்.

"நீ டயர் பக்கமா?" என்றான் எலிக்கெம்.

"பின்ன? ஒரே டீம்ல இருந்தா நமக்குள்ள என்ன வேலை? வா."

அந்த ஞாயிறு ரொட்டி சீக்கிரம் விற்றுவிட்டதால் தெலாலியும் கூட வந்தாள். அஃப்லாவோ எல்லையைக் கடந்து கடற்கரைக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. இரண்டு குச்சி நட்டதுதான் கோல். தெலாலி கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் மேல் உட்கார்ந்து, முதல் தடவையாக ஒரு ஆட்டத்தை முழுதாகப் பார்த்தாள். இடைவேளையில் எலிக்கெம் மூச்சு வாங்க வந்து மணலில் உட்கார்ந்தான்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள். "அந்த வழுக்கைத் தலை ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நீ போய் அங்க நிக்கிறியே, அது எப்படித் தெரியுது?"

"தோளைப் பார்ப்பேன்."

"தோளையா? எல்லாரும் பந்தைத்தானே பார்க்கிறாங்க?"

"பந்து பொய் சொல்லும். தோள் சொல்லாது."

தெலாலி கொம்லான் பக்கம் கையைக் காட்டினாள். "அந்த ஆளு பாவம்பா. மூணு தடவை வந்தான், மூணு தடவையும் போய் மறிச்சிட்டே. கோபமே வரலையே அவனுக்கு."

"வரும். கொஞ்சம் பொறு."

இரண்டாம் பாதியில் கோபம் வந்தது. கொம்லான் இடது தோளைச் சாய்த்தான். எலிக்கெம் வலப்பக்கம் பாய்ந்தான். கொம்லான் இடப்பக்கமே போய்விட்டான். பந்து இரண்டு குச்சிகளுக்கும் நடுவில் புகுந்து, மணலில் உருண்டு, அலை வரைக்கும் போய் நின்றது. கொம்லான் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு மீன் சந்தை வரைக்கும் ஓடினான். திரும்பி வர ஐந்து நிமிஷம் ஆனது. வந்ததும் போனை எடுத்து எலிக்கெமின் காதில் வைத்து அழுத்தினான்.

"என் பொண்டாட்டி. நம்ப மாட்டேங்கிறா. நீ சொல்லு."

எலிக்கெமுக்கு மூச்சு இரைத்தது. ஆனாலும் சொன்னான்.

"ஆமா அக்கா, நான்தான் எலிக்கெம். ஆமா, என்னைத் தாண்டித்தான் போட்டான். இல்லக்கா, நான் வேணும்னு விடல. சத்தியமா விடல. இடது காலு. தரையோட தரையா. பத்தடி தூரம்தான்... ஆமா, கோல்கீப்பர் லாரி டிரைவர்தான், ஆனாலும் நல்ல கோல் அக்கா. சாதாரணமான, நல்ல கோல்."